துணைக்குப் போனவர்

வந்தவர் நான்கு நிமிடம் தாமதம். அதைக்கூட மன்னித்துவிடலாம். ஆனால் வந்த அம்மாள் நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ராத்திரி நல்லா தூங்கினீங்களா?" என்று கேட்டதைத்தான் டைம்கீப்பரால் தாங்க முடியவில்லை.

ஏனென்றால் அதே கேள்வியை இன்னொருவரிடம் போய்க் கேட்கும் வேலைக்காகத்தான் டைம்கீப்பர் காலை எட்டு மணியிலிருந்து சட்டை மாற்றிக்கொண்டு காத்திருந்தார்.

பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருடம் டைம்கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது புறப்பட்டது, தாமதம் என்றால் என்ன காரணம் என்று எழுதி எழுதியே தலை நரைத்தவர். ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும் தெருவில் அவருக்கு அந்தப் பெயர்தான். பேப்பர் போடுகிறவர் சைக்கிளை நிறுத்துவதற்குள் "இன்னிக்கு ஏழு நிமிஷம் லேட்" என்று குரல் வரும். அவரும் மறுநாள் ஏழு நிமிடம் முன்னாடி வந்து கணக்கை நேர் செய்துவிட்டுப் போவார்.

போன மாதம் நகராட்சியும் சுகாதார நிலையமும் சேர்ந்து ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தன. வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்களைப் போய்ப் பார்த்து, இரண்டு வார்த்தை பேசி, மாத்திரை சாப்பிட்டார்களா என்று விசாரித்துவிட்டு வரத் தன்னார்வலர்கள் தேவை. டைம்கீப்பர் முதல் நாளே போய்ப் பெயர் கொடுத்தார். ஃபாரத்தில் என்னென்னவோ கேட்டிருந்தார்கள். வயது என்ன, வீட்டில் எத்தனை பேர், வாசலில் எத்தனை படி, என்னென்ன மாத்திரை, தகவல் யாருக்குத் தெரிவிக்க வேண்டும். உதவி செய்ய வருகிறவனை எதற்கு வாசற்படி எண்ணச் சொல்கிறார்கள் என்று ஒரு கணம் யோசித்தார். அரசாங்க ஃபாரம் என்றாலே அப்படித்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வயது அறுபத்தேழு. வீட்டில் ஒருவர். படி இரண்டு. மாத்திரை மூன்று. தகவல், மகளுக்கு. எந்த நேரத்தில் ஒழிவாக இருப்பீர்கள் என்ற இடத்தில் 'எந்த நேரமும்' என்று எழுதினார். எழுதிய பிறகு அது கொஞ்சம் பரிதாபமாகத் தெரிந்ததால், அடித்துவிட்டு 'காலை 5.30 முதல் இரவு 9 வரை' என்று திருத்தினார்.

அதற்குப் பதிலாகத்தான் 'திங்கள் காலை பத்து மணிக்கு வீட்டில் இருக்கவும்' என்று கடிதம் வந்தது. அடையாள அட்டை கொண்டுவந்து தருவார்கள் என்று நினைத்திருந்தார். அம்மாள் நோட்டோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"தூக்கத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை" என்றார் டைம்கீப்பர். "நீங்க எப்படி இருக்கீங்க?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"நான் சாப்பிட்டாச்சு. நீங்க சாப்பிட்டீங்களா?"

"என்னை விடுங்க சார். உங்களைப் பத்திச் சொல்லுங்க."

"என்னைப் பத்திச் சொல்ல என்ன இருக்கு. நீங்கதான் சொல்லணும். நான் எழுதிக்கிறேன்."

டைம்கீப்பரும் தன் நீள நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அம்மாளின் பேனா அந்தரத்தில் நின்றது. இருவரும் ஒருவரையொருவர் இரக்கத்தோடு பார்த்துக்கொண்டார்கள்.

அம்மாள் அவருக்குப் பார்த்த முகம்தான். கடைத்தெருவுக்குப் பின்னால் இருபத்தைந்து வருடம் டைப்ரைட்டிங் நிலையம் நடத்தியவர். ஊரில் உள்ள பாதி குமாஸ்தாக்கள் அவரிடம் விரல் ஒடித்தவர்கள். டைப்பிஸ்ட் அம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். நிலையத்தை மூடிய பிறகு வெளியே காணவில்லை. இப்படி ஆகிவிட்டாரே என்று டைம்கீப்பருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

"கையைக் கொடுங்க, நாடி பார்க்கணும்" என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

"நானே உங்களுக்குப் பார்க்கலாம்னு இருந்தேன்."

"முதல்ல நீங்க."

கடைசியில் ஒரே நேரத்தில் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு, இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி, ஒரு நிமிடம் மூச்சுவிடாமல் எண்ணினார்கள். அவருக்கு எழுபத்தெட்டு. அம்மாளுக்கு எழுபத்திரண்டு. இருவரும் எழுதிக்கொண்டார்கள்.

பத்து நாற்பத்தொன்றுக்கு அம்மாள் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி, "மதியம் நேரத்துக்குச் சாப்பிட்டுடுங்க சார்" என்றார்.

"ரைட்" என்றார் டைம்கீப்பர், பழக்க தோஷத்தில்.

கதவைச் சாத்திய பிறகுதான் அந்த வார்த்தை உள்ளே இறங்கியது. மனைவி போய் ஆறு வருடமாகிறது. சாப்பிட்டாயா என்று மகள் போனில் கேட்பாள். அது வேறு. செருப்பை மாட்டிக்கொண்டே வாசலில் நின்று கேட்பது வேறு. ஆனாலும் கடமை கடமைதான் என்று நோட்டைத் திறந்து எழுதினார்.

வருகை 10.04. புறப்பாடு 10.41. தாமதம் 4 நிமிடம். குறிப்பு: பயனாளி தன்னைத் தன்னார்வலர் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். பாவம்.

அன்றே நகராட்சிக்குப் போனார். அந்த நகராட்சியும் சுகாதார நிலையமும் கடைத்தெருவின் இரண்டு கோடியில் எதிரும் புதிருமாக இருந்தன. காய்ச்சல் வந்தால், கொசு உங்கள் சாக்கடையில் பிறந்தது என்று சுகாதார நிலையத்தார் சொல்வார்கள். கடிபட்டவர் உங்கள் நோயாளி என்று நகராட்சியார் சொல்வார்கள். நோட்டீஸ் ஒட்டுவதைத் தவிர இரண்டு அலுவலகமும் ஒரு விஷயத்திலும் ஒத்துப்போனதாகச் சரித்திரமே கிடையாது. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது ஒரு பியூனும் அவருடைய சைக்கிளும்தான். இங்கிருந்து ஒரு கட்டு ஃபைல் அங்கே போகும். அங்கிருந்து 'எங்கள் வேலையல்ல' என்ற குறிப்போடு அதே கட்டு இங்கே திரும்பி வரும். பியூனுக்கு அடுத்த வருடம் ஓய்வு. ஃபைல்களைச் சுமந்து சுமந்து, இரண்டு அலுவலகத்திலும் யாருக்கும் தெரியாதது எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

நகராட்சி குமாஸ்தா, டைம்கீப்பர் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"அதாவது, நீங்க போய்ப் பார்க்க வேண்டிய ஆளே, உங்களை வந்து பார்த்துட்டாங்க. அதானே?"

"அதேதான்."

"எங்க வேலை பேர் வாங்கி அனுப்புறது மட்டும்தான் சார். யாரு யாரைப் பார்க்கணும்னு முடிவு பண்றது சுகாதார நிலையம். இதுல ஒரு மனு எழுதிக் கொடுங்க, அங்கே அனுப்பிடறேன்."

எழுதுவதற்காக மேஜை ஓரத்திலிருந்த ஒரு தடிமனான கட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். போன வருடத்து ஃபாரம் எதுவோ. முன்பக்கம் பூராவும் கட்டம் கட்டமாக அச்சடித்து, ஒரு கட்டம்கூட நிரப்பாமல் கிடந்தது. அந்தக் கட்டின் மேல்தான் குமாஸ்தாவின் டீ கிளாஸும் இருந்தது. டைம்கீப்பர் தாளைத் திருப்பிப் போட்டு மனு எழுதினார். மனு பியூனின் சைக்கிளில் போகிற வரைக்கும் காத்திருக்கப் பொறுமை இல்லாமல், அவரே நடந்து சுகாதார நிலையத்துக்குப் போனார்.

"பேர் அனுப்பினது அவங்கதானே" என்றார் நர்ஸம்மா. "எங்க வேலை பார்த்துக்கிறது மட்டும்தான். லிஸ்ட்டுல தப்புன்னா அங்கேதான் கேட்கணும். சரி, வந்தது வந்தீங்க, கையை நீட்டுங்க."

பிரஷர் பார்த்தார். நூற்று அறுபது.

"கோபத்துல வந்தேன், அதான்" என்றார் டைம்கீப்பர்.

"இருக்கும். போய்ட்டு வாங்க."

செவ்வாயும் புதனும் அப்படியே போயிற்று. காலையில் நகராட்சி, பதினொன்றுக்குச் சுகாதார நிலையம், மூன்று மணிக்கு மறுபடி நகராட்சி. ஒவ்வொரு தடவையும் ஒரு மனு. ஒவ்வொரு தடவையும் ஒரு பிரஷர். டிப்போவில் எந்த வண்டியும் இத்தனை நடை அடித்ததில்லை. புதன் மாலை குமாஸ்தா ஒரு வழியாக இறங்கி வந்தார்.

"ஒண்ணு பண்ணுங்க சார். நாளைக்குப் பத்து மணிக்கு நீங்களே அந்தம்மா வீட்டுக்குப் போயிடுங்க. கணக்கு நேராயிடும்."

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

வியாழக்கிழமை ஒன்பது ஐம்பத்தெட்டுக்கே போய்ச் சேர்ந்தார். இரண்டு நிமிடம் வெளியே நின்று, சரியாகப் பத்துக்குக் கதவைத் தட்டினார். கதவைத் திறந்த டைப்பிஸ்ட் அம்மாவின் முகம் மலர்ந்தது.

"தனியாவா வந்தீங்க? நடந்தேவா? ரொம்ப நல்ல விஷயம் சார், உள்ளே வாங்க" என்று சொல்லி, நோட்டை எடுத்து முதல் வேலையாக ஏதோ எழுதிக்கொண்டார்.

டைம்கீப்பர் அதைக் கண்டுகொள்ளவில்லை. பஸ்ஸை ஓரங்கட்டிச் சோதனை போடுவது போல வீட்டை ஒரு சுற்று சுற்றி வந்தார். உறை போட்டு மூடிய டைப்ரைட்டர். சொட்டுகிற குழாய். சரியாகப் பொருந்தாத ஜன்னல் கொண்டி. அலமாரியில் மாத்திரை டப்பா, கிழமைக்கு ஒரு அறையாக ஏழு அறை. அங்கேதான் பிடி கிடைத்தது.

"செவ்வாய்க்கிழமை மாத்திரை இன்னும் உள்ளேயே இருக்கே?"

"ஒரு நாள் மறந்திருப்பேன்" என்றார் டைப்பிஸ்ட் அம்மா, சின்னக் குரலில்.

டைம்கீப்பருக்கு வெற்றியாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. இரண்டையும் நோட்டில் எழுத முடியாது என்பதால் விஷயத்தை மட்டும் எழுதினார். போகிற வழியில் அறிக்கையை இரண்டு அலுவலகத்திலும் சேர்த்தார். யார் பயனாளி என்பது இனிமேலாவது அவர்களுக்குப் புரியட்டும்.

சனிக்கிழமை காலை நகராட்சியிலிருந்து ஒரு கொத்தனார் இரும்புக் குழாயும் சிமெண்டுமாக வந்து இறங்கினார்.

"எதுக்கு இது?"

"வாசல்ல ரெண்டு படி, பிடிச்சுக்க எதுவும் இல்லைன்னு எழுத்து மூலமா வந்திருக்கு. கைப்பிடி வைக்கச் சொன்னாங்க."

"எனக்கு எதுக்கய்யா கைப்பிடி? நான் வாலன்டியர்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். படி ரெண்டு இருக்கு, குழாய் ஒண்ணு இருக்கு. வச்சிட்டுப் போயிடறேன்."

வைத்துவிட்டுப் போனார். தெருவே பார்த்தது. டைம்கீப்பர் அன்று முழுக்க அந்தக் கைப்பிடியைத் தொடாமல், விறைப்பாக ஏறி விறைப்பாக இறங்கினார். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். மறுநாள் காய்கறிப் பையோடு வந்தபோது தெருவில் ஆள் இல்லாததைப் பார்த்துவிட்டுப் பிடித்துத்தான் ஏறினார். முழங்காலுக்கு ஏதுவாகத்தான் இருந்தது.

அன்று மதியம் மகள் போன் செய்தாள்.

"அப்பா, என்னப்பா ஆச்சு உங்களுக்கு?"

"எனக்கென்னம்மா, நல்லா இருக்கேன்."

"சுகாதார நிலையத்துலேர்ந்து ஒரு ரிப்போர்ட் வந்திருக்குப்பா போன்ல. கையால எழுதி மூணு பக்கம். அடுப்புல பால் தீஞ்ச பாத்திரம் ரெண்டு. சட்டையில பட்டன் இல்லை. அதைக்கூட விடுங்க. 'பயனாளி தன்னைத் தன்னார்வலர் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். எதிர்த்துப் பேசாமல் போக்கிலேயே விடுவது நலம்'னு எழுதியிருக்கு."

டைம்கீப்பர் அம்மாளைப் பற்றி எழுதிய அதே வரி. வார்த்தை மாறாமல்.

"அது தப்பும்மா. அந்தம்மாதான் பயனாளி. அவங்க தன்னை வாலன்டியர்னு நினைச்சுக்கிட்டு..."

போனின் மறுமுனையில் மகள் அழுகிறாள் போலிருந்தது. "சரிப்பா. சரி. நீங்க சொல்றது சரிதான். வெள்ளிக்கிழமை அங்கே ஏதோ கூட்டமாம், குடும்பத்துல ஒருத்தர் வரணுமாம். நான் வரேன். வந்து அப்படியே உங்களைக் கூட்டிட்டு வந்துடறேன். பெட்டி கட்டி வைங்க."

மகளின் வீடு எட்டாவது மாடியில். பொன்னான பிள்ளைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் காலை ஏழரைக்கு எல்லோரும் புறப்பட்டால் இரவு ஏழரைக்குத்தான் வருகை. நடுவில் வீட்டில் அவரும் குளிர்சாதனப் பெட்டியும்தான். ஒரு தடவை இருபது நாள் இருந்து பார்த்திருக்கிறார். லிஃப்ட் எத்தனை தரம் வந்து போகிறது என்று நோட்டில் எழுத ஆரம்பித்த அன்று டிக்கெட் எடுத்துத் திரும்பி வந்துவிட்டார். இங்கே அவருக்குத் தெரு இருக்கிறது. லேட்டாக வருவதற்கு ஒரு பேப்பர்காரர் இருக்கிறார். இதை விட்டுப் போனால் தான் எதற்கு இருக்கிறோம் என்றே தனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

திங்கள் காலை ஒன்பது மணிக்கே டைப்பிஸ்ட் அம்மா வீட்டுக்கு நடந்தார். கேட்க வேண்டியதை எல்லாம் வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனார். வாயைத் திறப்பதற்குள் அம்மாள் முந்திக்கொண்டார்.

"வாங்க. உங்களைத்தான் பார்க்கணும்னு இருந்தேன். என்ன சார் எழுதி வச்சிருக்கீங்க என்னைப் பத்தி?"

"நானா?"

"என் பையனுக்கு அனுப்பியிருக்காங்க. 'செவ்வாய்க்கிழமை மாத்திரை வியாழன் காலை வரை புறப்படவில்லை.' மாத்திரை என்ன பஸ்ஸா? அவன் படிச்சிட்டு நேத்து ராத்திரியே முதியோர் இல்லத்துல இடம் விசாரிச்சிட்டான். வீட்டைப் பூட்டச் சொல்றான்."

டைம்கீப்பர் வழியெல்லாம் அடுக்கியது சரிந்துவிட்டது. பல்லவி பாட வந்தவருக்கு எதிர்ப்பாட்டு கிடைத்த கதைதான்.

"நீங்க எழுதினதைப் படிச்சிட்டு என் பொண்ணு பெட்டி கட்டச் சொல்றா" என்றார் மெதுவாக.

இருவரும் உட்கார்ந்தார்கள்.

"நான் பொய் எழுதலை" என்றார் அம்மாள்.

"நானும்தான்."

"பால் தீஞ்சது உண்மைதானே?"

"உண்மைதான். மாத்திரை?"

"அதுவும் உண்மைதான்."

நல்லது செய்யப் போய் இப்படி ஆயிற்றே என்று இருவருக்கும் தோன்றியது. எழுதிய கையே மாற்றி எழுதினால்தான் உண்டு. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒருவரைப் பற்றி ஒருவர் நல்லபடியாக அறிக்கை கொடுப்பது என்று முடிவாயிற்று. அதிலும் ஒரு சங்கடம் இருந்தது. முப்பத்தோரு வருடத்தில் டைம்கீப்பர் ஒரு நிமிடத்தைக்கூடப் பொய்யாக எழுதியதில்லை. டைப்பிஸ்ட் அம்மா ஒரு எழுத்துப் பிழையை அழித்துவிட்டுத் தப்பித்ததில்லை. முழுத் தாளையும் திரும்ப அடிப்பார்.

"பார்க்காததை எழுத எனக்குக் கை வராது" என்றார் அம்மாள்.

"அப்ப பார்த்துட்டு எழுதுவோம்."

அதன்படி தினமும் காலை பத்துக்கு டைம்கீப்பர் போய், அம்மாள் மாத்திரையை விழுங்குவதைக் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொண்டார். பார்த்துக்கொண்டு சும்மா நிற்பானேன் என்று குழாய்க்கு வாஷர் போட்டார். ஜன்னல் கொண்டியை நிமிர்த்தினார். மாலை ஐந்துக்கு அம்மாள் வந்து, பால் பொங்குகிற வரைக்கும் அடுப்பு பக்கத்தில் காவல் நின்றார். நின்ற நேரத்துக்குச் சட்டைகளை வாங்கிப் பட்டன் தைத்தார். புதன்கிழமை டைப்ரைட்டரின் உறை கழன்றது. டைம்கீப்பர் தன் நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அம்மாள் அடித்தார். தட்டுகிற சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மனசுக்குள் மட்டும் டைம்கீப்பர் தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. பயனாளி அம்மாள்தான். அதைச் சொல்லி ஏன் மனசை நோகடிக்க வேண்டும் என்று விட்டுப் பிடித்தார். அம்மாளும் சில சமயம் அவரை அதே மாதிரி பார்ப்பதாகத் தோன்றும். அதையும் அம்மாளின் நோயில் ஒரு பகுதி என்று பொறுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நகராட்சிக் கூடத்தில் கூட்டம். மகள் கையில் காலிப் பெட்டி ஒன்றோடு வந்திருந்தாள். அப்பா எதையும் கட்டி வைத்திருக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். டைப்பிஸ்ட் அம்மாவின் மகன் வரவில்லை. கூட்டத்தில் சொல்வதுபோல் செய்யலாம் என்று போனில் சொல்லியிருந்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் குமாஸ்தாவும் நர்ஸம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு அலுவலகமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து டைம்கீப்பர் பார்த்ததில்லை. சண்டை எப்போது தொடங்கும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

"ரிப்போர்ட் காப்பி வீட்டுக்குப் போனது தப்பு" என்று ஆரம்பித்தார் நர்ஸம்மா. "அது எங்க தப்பு."

"இல்லை இல்லை, ஃபாரத்துல 'தகவல் யாருக்கு'ங்கிற கட்டத்தைப் போட்டது நாங்க" என்றார் குமாஸ்தா. "தப்பு எங்களுது."

"அனுப்பினது நாங்கதானே?"

"அச்சடிச்சது நாங்க அம்மா."

டைம்கீப்பருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. கொசுவைக்கூட ஏற்றுக்கொள்ளாத இரண்டு அலுவலகம் தப்புக்குப் போட்டி போடுகிறது.

நர்ஸம்மா புது அறிக்கைகளை வாசித்தார். வரி வரியாக, தேதி வாரியாக, பிழையில்லாமல் இருந்தது. பிறகு தன் ரிஜிஸ்தரைப் பிரித்தார். "இதையும் சொல்லிடறேன். போன வாரம் திங்கள் சார் பிரஷர் நூத்தி அறுபது. இன்னிக்கு நூத்தி முப்பத்தாறு. மாத்திரை அதேதான். நடந்திருக்கார்."

"எங்கேப்பா நடந்தீங்க?" என்றாள் மகள்.

"இங்கேர்ந்து அங்கே. அங்கேர்ந்து இங்கே" என்றார் டைம்கீப்பர், குமாஸ்தாவை முறைத்தபடி. குமாஸ்தா ஃபைலுக்குள் குனிந்துகொண்டார்.

"ஆக, சார் தன்னார்வலர்தான்" என்றார் நர்ஸம்மா. "நாங்க எழுதிக் கொடுத்துடறோம்."

"நாங்களும்" என்றார் குமாஸ்தா.

மகளுக்கு அது போதவில்லை. "எழுதிக் கொடுங்க, சரி. அப்பாவை யார் பார்த்துக்கிறது? அங்கே வந்தா நான் இருக்கேன்."

டைம்கீப்பர் எழுந்து நின்றார். நிறையப் பேச வேண்டும் என்று இருந்தார். எட்டாவது மாடியைப் பற்றி, லிஃப்டைப் பற்றி, பன்னிரண்டு மணி நேரத்தைப் பற்றி. அதைச் சொன்னால் பிள்ளைக்கு வலிக்கும்.

"நான் வரலைம்மா. கோபத்துல சொல்லலை. பத்து மணிக்கு நான் போகலைன்னா அந்தம்மா மாத்திரையை மறந்துடுவாங்க. எனக்கு டூட்டி இருக்கு. ஒன்பது வருஷம் கழிச்சு இப்பதான் ஒரு டூட்டி கிடைச்சிருக்கு."

மகள் அவரையே பார்த்தாள். பேச்சைக் கேட்டாளோ இல்லையோ, அவள் கண் சட்டையில் நின்றது. கழுத்திலிருந்து கீழ்வரை எல்லா பட்டனும் இருந்தன. நூல் மட்டும் கொஞ்சம் நிறம் மாறியிருந்தது. அவள் திரும்பிப் பின் வரிசையில் இருந்த டைப்பிஸ்ட் அம்மாவைப் பார்த்தாள். அம்மாள் குனிந்து கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"சரிப்பா" என்றாள். "மாசம் ஒரு தடவை எனக்கு ரிப்போர்ட் வரணும். டைப் அடிச்சு."

காலிப் பெட்டியோடு மூன்று ஐம்பது பஸ்ஸில் கிளம்பிப் போனாள். வண்டி இரண்டு நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது. டைம்கீப்பர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

திரும்பி வந்தபோது கூடம் காலியாகியிருந்தது. டைப்பிஸ்ட் அம்மா மகனுக்குப் போன் செய்து, வீட்டைப் பூட்ட வேண்டாம் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தார். பியூன் மேஜையிலிருந்த டீ கிளாஸ்களை எடுத்துவிட்டு, அடியிலிருந்த அதே பழைய ஃபாரக் கட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

டைம்கீப்பர் அவர் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"உங்ககிட்ட மட்டும் சொல்றேன், மனசுல வச்சுக்குங்க. அந்தம்மாதான் பயனாளி. எனக்கு முதல் நாளே தெரியும். தன்னை வாலன்டியர்னு நினைச்சுக்கிட்டு சந்தோஷமா இருக்காங்க. யாராவது உண்மையைப் போட்டு உடைச்சு அவங்க மனசு நோகாம பார்த்துக்குங்க."

பியூன் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அவங்களும் இப்பதான் உங்களைப் பத்தி இதையே சொல்லிட்டுப் போறாங்க சார், போன வருஷம் துணை வேணும்கிறவங்க பேர் கொடுங்கன்னு ரெண்டு ஆபீசும் சேர்ந்து இந்தக் கட்டை அச்சடிச்சப்ப ஒருத்தர்கூட வரலை, இந்த வருஷம் துணைக்குப் போறவங்க பேர் கொடுங்கன்னு மாத்திக் கேட்டோம், நாப்பத்திரண்டு பேர் வந்துட்டீங்க."